35,000 ரூபாய்க்கு ஒரே ஒரு கணினி: வடசென்னை வீடொன்றின் கணக்கு

வருகிற கல்வியாண்டில் என் தங்கை பி.காம். சேர்கிறாள், நான் பி.எஸ்சி. கணினி அறிவியலில் இரண்டாம் ஆண்டை முடித்து மூன்றாம் ஆண்டுக்குப் போகிறேன். கல்லூரி ஆய்வகத்தையும் கைப்பேசியையும் வைத்தே இதுவரை ஒப்பேற்றிவிட்ட எனக்கும், எக்செலும் டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருளும் பழகியாக வேண்டிய அவளுக்கும் சேர்த்து வீட்டில் ஒரு கணினி வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது. அம்மா போட்டுவரும் சீட்டுப் பணத்திலிருந்து 35,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் எதிர்பார்க்க வழியில்லை. எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், தரைத்தளத்தில், ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டும் மட்டும் கொண்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினி வாங்குவது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் தனி அறையும் தடையில்லா மின்சாரமும் மழைநீர் புகாத வாசலும் உள்ள வீடுகளை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. எங்கள் கணக்கு வேறு.

பணம் கொடுத்து வாங்கக்கூடிய வழிகள் மூன்று. புதிய மலிவு மடிக்கணினி ஒன்று. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்ததைச் சீர்செய்து விற்கும் ‘ரீஃபர்பிஷ்டு’ மடிக்கணினி மற்றொன்று. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கோக்கும் ‘அசெம்பிள்டு’ மேசைக்கணினி மூன்றாவது. விசாரிக்கப் போன இடங்களிலெல்லாம் முதலில் எழுந்த பேச்சு எந்தக் கம்பெனி நல்லது என்பதைப் பற்றியே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கணினி அமைப்பியலும் இயங்குதளமும் படித்தபின் எனக்கு அந்தப் பேச்சில் பிடிப்பில்லை. ஒரே கம்பெனி நல்ல கணினியும் செய்கிறது, மோசமான கணினியும் செய்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் ஒருமுறையாவது ஏதேனும் பழுதாகும் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பழுது எந்தப் பாகத்தில் வரக்கூடும், வந்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா, அதற்கான செலவை இந்த வீடு தாங்குமா என்று கேட்பதே எங்களைப் போன்றோர்க்குப் பயன்படும் அளவுகோல் என்பது என் துணிபு. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்த அளவுகோலை வைத்தே செய்யப்பட்டது.

செலவில்லாத வழிகளை முதலில் பார்த்துவிடலாம். கைப்பேசியிலேயே தொடரலாம் என்றால், பாடக் காணொளிகளைப் பார்ப்பதற்கும் குறிப்பெடுப்பதற்கும் அது போதும். பைத்தான் நிரல்களைக்கூட அதில் எழுதி இயக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பக்கம் நிரலும் மறுபக்கம் பிழைச்செய்தியும் கண்ணெதிரே இருக்க வேண்டிய வேலைக்கு அந்தத் திரை போதாது. தங்கைக்கோ கேள்வியே இல்லை: டேலியின் இப்போதைய பதிப்பான டேலிபிரைம் விண்டோஸில்தான் நிறுவப்படுகிறது. விசைப்பலகை இணைத்த டேப்லெட்டுக்கும் இதே பதில்தான்.

அரசு மடிக்கணினிக்காகக் காத்திருப்பது இரண்டாவது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கிடைத்தால் நல்லதுதான், ஆனால் நம் கைக்கு எந்தப் பருவத்தில் வரும் என்பதை நம்பித் தேர்வுக்குத் தயாராக முடியாது.

மூன்றாவது வழிதான் என்னைச் சற்று யோசிக்க வைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் இன்னும் வடசென்னையில் பல வீடுகளின் பரணில் இருக்கின்றன. பெரியப்பா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. 2 ஜி.பி. ரேமும், அதாவது தற்காலிக நினைவகமும், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்கும் கொண்ட அந்தத் தொடக்கக்காலக் கருவியில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது. ஒரு தலைமுறை மாணவர்கள் தங்கள் முதல் கணினியிலேயே லினக்ஸைக் காண வாய்த்தும் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தந்தான். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் அதில் சி நிரலாக்கம் பழகலாம். ஆனால் இணையப் பக்கங்கள் கனத்துப்போன இக்காலத்தில் 2 ஜி.பி. ரேமில் உலாவியைத் திறப்பதே பாடு. கற்றுக்கொள்ள ஏற்ற கருவி, வேலைக்கு ஏற்ற கருவி அன்று. பெரியப்பாவிடம் கேட்டு அதை வாங்கிவரப் போகிறேன், ஆனால் கழற்றிப் பழகுவதற்கு.

இனி பணம் செலவாகும் வழிகளுக்கு வருவதற்கு முன், எங்கள் வேலைக்கு என்ன தேவை என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு கணினி ‘ஸ்லோ’வாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் பிராசசர் கணக்குப் போட முடியாமல் திணறுவதில்லை, தரவு வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒருமுறை முழுதாகச் சுற்ற ஏறத்தாழ 11 மில்லிநொடி எடுக்கிறது. தேவையான தரவு, வட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர்வதற்கான நேரம் அதற்கு மேல். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை எடுப்பதே அதற்குப் பெரும் வேலை. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. இதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது அத்தகைய ஆயிரக்கணக்கான சிறு வாசிப்புகளே என்பதால், பழைய கணினியில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டவர்கள் புதுக் கணினி வாங்கியது போல இருக்கிறது என்று சொல்வதில் மிகையில்லை.

ரேமும் இதோடு சேர்ந்ததுதான். ரேம் நிறைந்துவிட்டால் இயங்குதளம் உடனே தேவைப்படாத பக்கங்களை வட்டுக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. பாடத்தில் ‘பேஜிங்’ என்று நான்கு மதிப்பெண்ணுக்குப் படித்த இந்தச் சங்கதி, 4 ஜி.பி. ரேமுள்ள மடிக்கணினியில் உலாவியையும் எக்செலையும் ஒன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்டிருப்பது நிறுவுவதற்கான எல்லையே தவிர, அதில் நிம்மதியாக வேலை செய்யலாம் என்பதற்கான உறுதிமொழி அன்று. எனவே எங்கள் அடிப்படைத் தேவை இது: எஸ்.எஸ்.டி. கட்டாயம், ரேம் 8 ஜி.பி., பின்னால் 16 ஆக்க இடம் இருக்க வேண்டும். பிராசசரில், தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் நான்கு. கேம், வீடியோ எடிட்டிங் எதுவும் எங்களுக்கு இல்லை.

புதிய மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். 25,000 ரூபாய்க்குக் கீழே விற்பவற்றை நான் உடனே ஒதுக்கிவிட்டேன். செலரான் என்4020 போன்ற இரண்டு கோர் பிராசசர், 4 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி.க்குப் பதிலாக இ.எம்.எம்.சி. எனப்படும் வேகம் குறைந்த சேமிப்பு என்ற மூன்றும் ஒரே கருவியில் சேர்ந்துவிடுவது இந்த விலைப்பிரிவில் வழக்கம். இ.எம்.எம்.சி. சேமிப்பும் ரேமும், பாகங்களை இணைக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால், முதல் நாள் போதாமல் போவது கடைசி நாள் வரை போதாமலேயே இருக்கும். இன்டெல் நிறுவனமே 2023 முதல் மடிக்கணினிகளில் செலரான், பென்டியம் என்ற பெயர்களை விட்டுவிட்டது. கடைகளின் இருப்பிலிருந்து அவை இன்னும் தீர்ந்தபாடில்லை.

33,000 முதல் 38,000 ரூபாய் வரையிலான பிரிவில்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. 2022-இல் வந்த ஐ3-1215யு ஆறு கோர்கள் கொண்டது. அதில் இரண்டு வேகமானவை, நான்கு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பவை. கல்லூரி வேலைக்கு அது தாராளம். இதே விலையில் ரைசன் 3 7320யு என்றொரு பிராசசரும் விற்கப்படுகிறது. 7 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்துப் புத்தம்புதிது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த எண்ணில் மூன்றாவது இலக்கமான 2, உள்ளே இருப்பது ஜென் 2 என்ற, 2019-இல் அறிமுகமான வடிவமைப்பு என்பதைக் காட்டுகிறது. மோசமான பிராசசர் என்று சொல்ல மாட்டேன். நான்கு கோர்களும், அவை ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைவரிசைகளான திரெட்கள் எட்டும் இருக்கின்றன. ஆனால் அது எல்.பி.டி.டி.ஆர்.5 வகை ரேமை மட்டுமே ஏற்பதால், அதை வைத்துச் செய்யப்படும் மடிக்கணினிகளில் ரேம் பற்றவைக்கப்பட்டே வருகிறது. 8 ஜி.பி. என்று வாங்கினால் ஆயுள் முழுவதும் 8 ஜி.பி.தான். விளம்பரத்தில் பிராசசரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ரேம் பற்றவைக்கப்பட்டதா, செருகப்பட்டதா என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் கண்ணில் முன்னதைவிடப் பின்னதே முக்கியமான செய்தி.

புதியதன் பெரும்பலம் ஓராண்டு உத்தரவாதம். அந்த ஓராண்டுக்கு நிம்மதியாகத் தூங்கலாம் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் அப்பா புதியதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்வதற்கு அதுவே காரணம். பேட்டரியும் புதிது. ஆனால் இந்த விலையில் உடல் பிளாஸ்டிக். திரையைத் தாங்கும் கீல்கள் அதே பிளாஸ்டிக்கில் திருகப்பட்டிருப்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் கீல் பெயர்ந்து திரை ஆடும் மடிக்கணினிகளை வகுப்பில் நிறையவே காண்கிறோம். விலையைக் குறைக்கக் கைவைக்கும் மற்றோர் இடம் திரை. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறிப்போகும் டி.என். வகைத் திரையில் நாள்தோறும் மணிக்கணக்கில் எழுத்துகளைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 35,000 ரூபாயும் இதிலேயே கரைந்துவிட்டால், உத்தரவாதம் முடிந்த 13-ஆம் மாதத்தில் வரும் பழுதுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

ரீஃபர்பிஷ்டு மடிக்கணினி பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நல்லதும் கெட்டதும் அதிகமாகக் கலந்திருப்பது இதில்தான். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகள் புதிதாக வந்தபோது மாணவர்க்கு எட்டாத விலையில் இருந்தவை. நிறுவனங்கள் அவற்றை மொத்தமாக வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ சில ஆண்டுகளில் மாற்றிவிடுவதால், ஒரே மாதிரியானவை கூட்டமாகச் சந்தைக்கு வருகின்றன. நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவினர் தாங்களே பழுது பார்க்க வேண்டும் என்பதை எண்ணி வடிவமைக்கப்பட்டவை என்பதால், அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றினால் ரேம், எஸ்.எஸ்.டி., வைஃபை அட்டை, பேட்டரி, விசிறி எல்லாம் கைக்கு எட்டும். அவற்றைக் கழற்றும் முறையைப் படங்களோடு விளக்கும் பழுதுநீக்கக் கையேடுகளையும் தயாரிப்பாளர்களே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கணினி படிக்கும் மாணவனுக்கு அந்தக் கையேடுகள் தனிப் பாடநூல் என்றே சொல்வேன்.

இங்கே ஒரு கோட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும்: இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறை வெளியீட்டுக்குக் கீழே போகக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஏழாம் தலைமுறை ஐ5-7200யு வரை மெல்லிய மடிக்கணினிகளின் ஐ5 பிராசசர்களில் இரண்டு கோர்களே இருந்தன. 2017-இல் வந்த ஐ5-8250யு, அதன் அலுவலக வடிவமான 8350யு ஆகியவற்றில் அது நான்கானது. அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஆதரிப்பது, ஒருசில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் உள்ள கணினிகளை மட்டுமே. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கருவிகள் 12,000, 14,000 என்று கிடைப்பதற்கு இதுவே பின்னணி. கடைக்காரர் அதிலும் விண்டோஸ் 11 போட்டுக் காட்டுவார். தடையைத் தாண்டிப் போட வழிகள் உண்டு. அப்படிப் போட்டதற்கு மேம்படுத்தல்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்கவில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார். லினக்ஸ் மட்டும் பயன்படுத்துவோர்க்கு அந்த ஏழாம் தலைமுறைக் கருவி நல்ல பேரமே. எங்கள் வீட்டில் டேலி வேண்டியிருப்பதால் எங்களுக்கு இல்லை.

அலுவலக வரிசை என்றால் எல்லாமே கழற்றக்கூடியவை என்றும் நம்பிவிடக் கூடாது. திங்க்பேட் டி480-இல் ரேமுக்கு இரண்டு செருகிடங்கள் இருக்கின்றன. பின்பக்கப் பேட்டரியைத் திருகைத் தொடாமலே கழற்றலாம். பெயரில் ஒரே ஓர் எழுத்து கூடிய டி480எஸ்-இல் ரேமின் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டது, ஒரே ஒரு செருகிடந்தான். மெலிதானதும் அழகானதுமான எக்ஸ்1 கார்பனில் ரேம் முழுவதும் பற்றவைக்கப்பட்டது. லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 இரண்டிலும் இரண்டு செருகிடங்கள் உண்டு. கனமும் தடிமனும் சற்றுக் கூடியதைத் தேர்ந்தெடுப்பதே இங்கே லாபம்.

எங்கே வாங்குவது என்றால், சென்னையில் பேச்சு, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில்தான் போய் நிற்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே 2021 பிப்ரவரியில் மெட்ரோ நீண்டபின் எங்கள் பகுதியினர்க்கு அந்தத் தெரு நெருங்கிவிட்டது. பக்கத்திலேயே இருக்கிறதே என்று, வெளிநாட்டுப் பொருள்கள் விற்கும் பர்மா பஜாரை எண்ணுவோரும் உண்டு. சிறு உதிரிகளுக்குப் போகலாம், ஆனால் பில்லும் உத்தரவாதமும் இல்லாமல் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளை வாங்கும் துணிச்சல் எனக்கில்லை. வரிசை எண் எழுதப்பட்ட ஜி.எஸ்.டி. பில்லும், குறைந்தது மூன்று மாத எழுத்துப்பூர்வ உத்தரவாதமும் தரும் கடையில்தான் வாங்குவது என்பதில் வீட்டில் அனைவரும் ஒத்துப்போனோம். திருட்டுப் பொருள் கைமாறி வந்துவிடும் அச்சத்துக்கும் அந்தப் பில்தான் அரண்.

கடையில் சோதிக்க வேண்டியவை சில. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினால் நிற்கும் கொள்ளளவும் அதில் அருகருகே தெரியும். லித்தியம் அயனி பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கியதும் தளர்வது இயல்பு. எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றித் தரச் சொல்லலாம், அல்லது அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லலாம். எஸ்.எஸ்.டி. எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் நுழைந்து கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டால் அந்தக் கருவியைத் தொடவே கூடாது.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. நிறுவனங்கள் தங்கள் கணினிகளை விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற மேலாண்மை ஏற்பாட்டில் பதிந்து வைக்கின்றன. கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்திருந்தால், வட்டை முழுதாக அழித்து விண்டோஸை நிறுவிய பிறகும், இணையத்தில் இணைந்த மறுகணம் பழைய நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். பதிவு அந்தக் கருவியின் வன்பொருள் அடையாளத்தோடு பிணைந்தது. அதை நீக்கப் பொதுவாகப் பழைய நிறுவனத்தால்தான் முடியும். ஆகவே கடையிலேயே விண்டோஸை மீட்டமைக்கச் சொல்லி, நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் அமைப்பை நாமே முடித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். அரைமணி நேரம் ஆகும் என்று கடைக்காரர் முகம் சுளித்தால், “பரவாயில்லண்ணா, இருந்து வாங்கிட்டுப் போறோம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

மேசைக்கணினி என் மனத்துக்கு நெருக்கமானது. கணினி படிப்பவன் எவனுக்கும் அப்படித்தான் இருக்கும். ரைசன் 5 5600ஜி என்ற பிராசசரில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், கூடவே திரைக்கான கிராஃபிக்ஸும் உள்ளடங்கியிருப்பதால் தனி கிராஃபிக்ஸ் அட்டை வேண்டாம். அது பொருந்தும் ஏ.எம்.4 மதர்போர்டுகள் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருப்பதால் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. என் அளவுகோலின்படி முதலிடம் இதற்கே: மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். போனால் எஸ்.எம்.பி.எஸ். மட்டும், மானிட்டர் போனால் மானிட்டர் மட்டும் மாற்றினால் போதும். பின் ஏன் இதை விட்டுவிட்டோம் என்றால், காரணம் கணினியில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

முதலில் மின்சாரம். மானிட்டரோடு சேர்த்து 100 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஆறு மணிநேரம், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் ஆகும். 25 வாட் அளவில் ஓடும் மடிக்கணினிக்கு 9 யூனிட். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்ற சலுகைக்குள் பட்ஜெட் போடும் வீட்டில் 27 யூனிட் வேறுபாடு சிறியதன்று. உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருப்போர்க்கு அது இன்னும் உறைக்கும். கோடையில் மின்சாரம் போய்ப் போய் வரும் இரவுகளில் மேசைக்கணினிக்கு யு.பி.எஸ். இல்லாமல் முடியாது, 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, செய்த வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் தரும், அவ்வளவுதான். அதன் பேட்டரியும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியதே. மடிக்கணினிக்குள் இந்த ஏற்பாடு முன்பே இருக்கிறது.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. தரைத்தள வீட்டில் தண்ணீர் ஏறும்போது முதலில் மேலே போவது அரிசி மூட்டையும் சான்றிதழ்ப் பையும். மடிக்கணினியை அந்தப் பையோடு சேர்த்துப் பரணில் ஏற்றிவிடலாம். கேபினெட், மானிட்டர், யு.பி.எஸ். மூன்றையும் இருட்டில் ஒயர் பிடுங்கித் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. இதோடு, காசிமேடு தொடங்கித் திருவொற்றியூர் வரையிலான கரையோர உப்புக்காற்றும் எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் எந்தக் கணினியையும் விட்டுவைப்பதில்லை. இதில் மேசைக்கணினிக்கே சாதகம். பக்கக் கதவைத் திறந்து பிளோயரால் ஊதிவிடலாம். மடிக்கணினியானால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அடிப்பலகையைக் கழற்றி விசிறியைத் துடைக்க வேண்டும். கழற்ற எளிதான அலுவலக வரிசைக்கு இது இன்னொரு வலு.

மூன்றாவது, இடவசதி. ஒரே கூடத்தில் நால்வர் படுக்கும் வீட்டில் நிரந்தரமாக ஒரு மேசை போட்டால் ஒருவர் படுக்கும் இடம் போய்விடுகிறது. இருவர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளப் போகிறோம் என்பதை நினைத்தால், வீட்டிலேயே நிற்கும் மேசைக்கணினிதான் சண்டை வராத வழி என்று அம்மா சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் செயல்திட்ட விளக்கத்துக்கு மடிக்கணினியைக் கல்லூரிக்கு எடுத்துப் போக வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போது, 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்ற இடத்தில் போய் உட்கார்ந்து படிக்கவும் எடுத்துச் செல்லும் கருவி வேண்டும். தனி அறையும் முதல் மாடியும் உள்ள நண்பன் கேட்டால், தயங்காமல் மேசைக்கணினியையே சொல்வேன்.

ஒரு தடை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதால் 2025-இன் இறுதியிலிருந்து ரேமின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. 2025 டிசம்பரில், நினைவகச் சில்லு தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் என்ற நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பாகம் பாகமாக வாங்கும் மேசைக்கணினிக்கும், பின்னால் ரேமைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற என் வாதத்துக்கும் இது பாதகந்தான். இதனால் 8 ஜி.பி.யோடு வாங்கிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பதைவிட, ஏற்கெனவே 16 ஜி.பி. உள்ள ரீஃபர்பிஷ்டு கருவிக்கு மூவாயிரம், நாலாயிரம் கூடக் கொடுப்பது நல்லதா என்பதைக் கடையில் விலையைக் கேட்டுத்தான் தீர்மானிக்க முடியும்.

முடிவு இதுதான். எட்டாம் தலைமுறை ஐ5, ரேமுக்கு இரண்டு செருகிடங்கள், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத முழு எச்.டி. ஐ.பி.எஸ். திரை கொண்ட ரீஃபர்பிஷ்டு அலுவலக மடிக்கணினி. நான் விசாரித்த அளவில் 20,000 முதல் 24,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. அதோடு பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ள நல்ல சார்ஜர். கடையில் கூடவே தரும் பெயரில்லாத சார்ஜரை வாங்கிக்கொள்ளப் போவதில்லை. கூடத்துச் சுவரில் மாட்டி வைக்கப் பழைய 22 அங்குல மானிட்டர் ஒன்றையும், விசைப்பலகையும் மவுஸும் நாலாயிரத்துக்குள் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும்போது மடிக்கணினியை அதில் செருகினால் மேசைக்கணினியின் வசதி கிடைக்கும். பகலில் தங்கை, இரவு ஒன்பதுக்கு மேல் நான். இருவருக்கும் தனித்தனிக் கணக்கு. டேலிபிரைமின் கல்விமுறை இலவசம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட விடும் அந்தக் கட்டுப்பாடு பயிற்சிக்கு இடைஞ்சல் இல்லை. எனக்கு அதே வட்டில் உபுண்டு என்ற லினக்ஸுக்கு ஒரு பகுதி.

அப்பா இன்னும் முழுதாக ஒப்பவில்லை. புதியதன் ஓராண்டு உத்தரவாதத்துக்கு ஈடாக, மிச்சமாகும் ஏழாயிரம் சொச்சத்தை அம்மாவிடமே கொடுத்து வைத்துப் பழுதுக்கென்று தனியாக ஒதுக்குவது என்ற ஏற்பாட்டைச் சொன்ன பிறகு, கடைக்கு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். ஆகவே பருவத்தேர்வு முடிந்து வரும் சனிக்கிழமை.